பனிக்கடலில் வந்த அயல்நாட்டுத் துணை

உலகப் படத்தின் அடியில் வெண்மையாகத் தீட்டப்பட்டிருக்கும் அண்டார்க்டிகாக் கண்டத்தைப் பற்றிப் பள்ளியில் பூகோளப் பாடத்தில் ஓரிரு வரிகள் படித்ததோடு நம்மில் பலரும் நின்றுவிடுகிறோம். குடிமக்களே இல்லாத அந்நிலத்திற்கு வரலாறு ஏது என்று கேட்போரும் உண்டு. அரண்மனையும் கோட்டையும் இல்லாத அவ்விடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு பழைய ஜப்பானியக் கப்பலும், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அதற்குத் துணையாக வந்த இரண்டு அயல்நாட்டுக் கப்பல்களும் அவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளன. பிறந்த மண்ணை விட்டு வெளியூரில் வாழும் நம்மைப் போன்றோர் அறிந்திருக்கத் தக்க செய்தி அது. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனியை உடைக்கும் விதம்

தென் துருவத்தைச் சூழ்ந்த கடல் ஆண்டுதோறும் உறைவதும் உருகுவதுமாக இருக்கிறது. கோடை முடிவில் உறைந்த கடலின் பரப்பு சராசரியாகச் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் பாரத நாட்டின் பரப்பு ஏறக்குறைய 33 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். குளிர்கால முடிவிலோ அது சுமார் 180 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிந்துவிடும். அங்கே கோடை என்பது நமது மார்கழி, தை மாதங்கள். ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய உள்ள குறுகிய காலத்துக்குள் கப்பல் உள்ளே சென்று, சரக்கை இறக்கி, ஆட்களை மாற்றித் திரும்பிவிட வேண்டும். தவறினால் அடுத்த கோடை வரையில் வழி கிடையாது.

பனி உடைக்கும் கப்பல் என்றதும், கத்தி போன்ற கூர்முனையால் பனியை அறுத்துக்கொண்டு செல்வது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அதன் முன்பகுதி நீர்மட்டத்திற்குக் கீழே சரிவாக அமைந்திருக்கும். எஞ்சின் தள்ளும் வேகத்தில் கப்பல் பனியின்மேல் ஏறிப் படுக்கும். பின் தன் எடையினாலேயே அதனை நொறுக்கும். நொறுங்கியதும் சற்றுப் பின்வாங்கி, மறுபடியும் ஓடிவந்து ஏறும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குத் தண்ணீரை இறைத்து மாற்றும் தொட்டிகளும் சில கப்பல்களில் உண்டு. அவற்றின் உதவியால் கப்பல் இடமும் வலமும் அசைந்து, பற்றிய பனியினின்று விடுபடும். இவ்வளவு வசதிகள் இருந்தும், காற்று ஒரே திசையிலிருந்து ஓயாமல் வீசிப் பனிப் பாளங்களை நெருக்கிவிட்டால் எஞ்சினின் வலிமை போதாது. கப்பல் சிறைப்பட்டு நிற்கும். பனி எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கமே தானும் நகரும்.

நம் மத்திய ரயில்வேயில் கசாராவிலிருந்து இகத்புரி வரை மலையேறும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்நிலை எளிதில் விளங்கும். 37 அடிக்கு 1 அடி உயரும் அப்பாதையில் வண்டியின் எஞ்சின் மட்டும் போதாமல், பின்னால் பேங்கர் எஞ்சின் பூட்டித் தள்ளுகிறார்கள். அந்தப் பேங்கர் எங்கே நிற்கும், எப்போது பூட்டப்படும் என்பதெல்லாம் முன்னரே வகுத்து வைத்த ஏற்பாடு. பனிக்கடலில் அத்தகைய ஏற்பாடு ஏதும் இல்லை. அருகில் எந்த நாட்டுக் கப்பல் இருக்கிறதோ, அதனைத்தான் கூப்பிட வேண்டும். அந்த 'அருகு' என்பது பல நூறு மைல் தொலைவாகவும் இருக்கலாம். அந்நாடு நேற்று வரை பகைநாடாகவும் இருந்திருக்கலாம்.

சோயாவின் முன்கதை

சோயா என்பது ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோ தீவுக்கும் சகலீன் தீவுக்கும் இடையே உள்ள ஜலசந்தியின் பெயர். அப்பெயர் பூண்ட கப்பல் 1938-ஆம் ஆண்டில் நாகசாகிக்கு அருகே கட்டி முடிக்கப்பட்டது. அதனைக் கட்டித் தருமாறு முதலில் ஆர்டர் கொடுத்தது சோவியத் யூனியன் என்பது இக்கதையில் நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி. பனி மிதக்கும் கடலில் சரக்கேற்றிச் செல்லத் தக்க வலுவான உடலோடு அது கட்டப்பட்டது. ஆனால் அவ்விரு நாடுகளின் உறவு கெட்டிருந்த காலம் அது. கப்பல் கேட்டவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஜப்பானிலேயே வேறு பெயருடன் சரக்குக் கப்பலாக ஓடியது. பிறகு ஜப்பானியக் கடற்படை அதனை வாங்கி, 1940-இல் சோயா என்று பெயரிட்டது.

இரண்டாம் உலகப் போரில் சோயா பட்ட பாடு கொஞ்சமன்று. 1943-ஆம் ஆண்டில் தென் பசிபிக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஏவிய டார்பிடோ அதன்மீது பாய்ந்தும் வெடிக்கவில்லை. 1944 பிப்ரவரியில் ட்ரக் தீவுகளின் மீது அமெரிக்க விமானங்கள் நடத்திய பெருந்தாக்குதலில் பல ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கிப் போயின. சோயா தப்பிப் பிழைத்தது. அமெரிக்கர் அதனை மூழ்கடிக்க முயன்றனர் என்பது நினைவில் வைக்க வேண்டிய இரண்டாம் செய்தி.

போர் முடிந்தபின், கடல் கடந்த நாடுகளில் சிக்கிக் கிடந்த ஜப்பானியரைத் தாய்நாட்டுக்கு ஏற்றி வரும் பணி அக்கப்பலுக்குக் கிடைத்தது. அதன்பின் தீவுகளிலும் முனைகளிலும் இருந்த கலங்கரை விளக்கக் காவலர்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டு போய்க் கொடுக்கும் கப்பலாக அது மாறிற்று. தனியே வாழும் குடும்பங்களுக்கு மாதச் சாமான்களைச் சுமந்து சென்ற அந்தக் கிழட்டுக் கப்பலைத்தான் 1956-இல் பழுது பார்த்து, உடலை வலுப்படுத்தி, தென் துருவத்திற்கு அனுப்ப ஜப்பான் துணிந்தது.

பூகோள பௌதிக ஆண்டு

1957 ஜூலை 1-ஆம் தேதி முதல் 1958 டிசம்பர் 31-ஆம் தேதி வரை, 18 மாதங்கள், சர்வதேச பூகோள பௌதிக ஆண்டு என்று கொண்டாடப்பட்டது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் கூடிப் பூமியின் காந்தம், வானிலை, சூரியனின் சீற்றம், துருவ ஒளி ஆகியவற்றை ஒரே காலத்தில் அளந்து பார்த்தன. நம் நாடும் அதில் பங்கு கொண்டது. கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் சூரியனைக் கவனித்தனர். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் பூமியின் காந்தத்தை அளக்கும் நிலையம் அந்த 1957-இல்தான் தொடங்கப் பெற்றது. தென் துருவத்தில் அளந்த கணக்கும், அண்ணாமலை நகரில் அளந்த கணக்கும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்கள் எனலாம்.

அண்டார்க்டிகாவில் நிலையம் அமைக்க முன்வந்த 12 நாடுகளில் ஜப்பானும் ஒன்று. 1955-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் ஜப்பான் தன் விருப்பத்தைத் தெரிவித்தபோது, போரின் வடு ஆறாத சில நாடுகள் தயக்கம் காட்டின. முடிவில் அதற்கென ஒதுக்கப்பட்ட இடம் இளவரசர் ஹரால்டு கடற்கரை. 1937-இல் நார்வே நாட்டினர் விமானத்திலிருந்து கண்டு பெயரிட்ட கரை அது. கப்பல்கள் நெருங்குவதற்கு மிகவும் அரிது எனப் பெயர் பெற்றிருந்தது. பிறர் விரும்பாத இடம் பின்வந்தவருக்குக் கிடைத்தது என்று கொள்ளலாம். ஆயினும் ஜப்பானிய மக்கள் மனம் தளரவில்லை. போரில் தோற்று வறுமையில் உழன்ற அந்நாட்டில், பள்ளிச் சிறுவர்கள் கூடத் தம் கைச் சில்லறையை இப்பயணத்திற்கு நன்கொடையாக அளித்தனர்.

1956 நவம்பர் 8-ஆம் தேதி சோயா டோக்கியோவிலிருந்து புறப்பட்டது. பேராசிரியர் நகாதா தகேஷியின் தலைமையில் 53 பேர் கொண்ட ஆராய்ச்சிக் குழு அதில் இருந்தது. சகலீன் இனத்தைச் சேர்ந்த 22 வண்டி நாய்களும், ஒரு பூனையும், கூண்டில் இரண்டு கானரிப் பறவைகளும் உடன் சென்றன. சிங்கப்பூரைக் கடந்து, இந்து மகாசமுத்திரத்தின் வழியாகக் கேப் டவுன் அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பியது.

சோயா புறப்பட்ட அன்று ஜப்பானுக்கும் சோவியத் யூனியனுக்கும் இடையே தூதர் உறவு கிடையாது. போரை முடித்து உறவைப் புதுப்பிக்கும் பிரகடனம் 1956 அக்டோபர் 19-இல் மாஸ்கோவில் கையெழுத்தாகியிருந்தது. அது அமலுக்கு வந்தது டிசம்பர் 12-ஆம் தேதி. டிசம்பர் 18-இல் ஜப்பான் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராயிற்று. கப்பல் கடலில் சென்றுகொண்டிருந்த சில வாரங்களில் இவையெல்லாம் நடந்தேறின.

'ஓப்' வந்த கதை

1957 ஜனவரி இறுதியில் சோயா பனியைப் பிளந்து கரையை நெருங்கியது. ஜனவரி 29-ஆம் தேதி, கண்டத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிழக்கு ஓங்குல் தீவில் ஜப்பானியர் தம் கொடியை ஏற்றி, அவ்விடத்திற்குச் ஷோவா நிலையம் என்று பெயர் சூட்டினர். முன்னரே அறுத்துத் தயாராகக் கொணர்ந்த பலகைச் சுவர்களைப் பூட்டிக் குடில்களை எழுப்பினர். உணவு, எரியெண்ணெய், கருவிகள் யாவும் பனியின்மேல் இழுத்துச் செல்லப்பட்டன. 11 பேரை அங்கே விட்டுவிட்டுப் பிப்ரவரி 15-ஆம் தேதி கப்பல் திரும்பிற்று.

திரும்பும் வழியில்தான் வினை வந்தது. பனி நாற்புறமும் நெருக்கிச் சோயாவைச் சிறைப்படுத்தியது. அதன் எஞ்சின்களின் மொத்த வலிமை 4,800 குதிரைச் சக்தி. அத்தகைய பனிக்கு அது போதாது. கோடை முடிந்துகொண்டிருந்தது. நாள் கழியக் கழியப் பனி தடிப்பேறும். கப்பலில் இருந்தோரின் உயிருக்கும் உறுதியில்லை. வேறு வழியின்றி அயல்நாட்டின் உதவி நாடப்பட்டது.

வந்த கப்பலின் பெயர் ஓப். சைபீரியாவில் ஓடும் பெருநதியின் பெயர் அது. 1954-இல் ஹாலந்து நாட்டில் சோவியத் யூனியனுக்காகக் கட்டப்பட்ட அக்கப்பல், முந்திய ஆண்டுதான் சோவியத் நாட்டின் முதல் அண்டார்க்டிகாக் குழுவை ஏற்றிச் சென்று, 1956 பிப்ரவரி 13-இல் மிர்னி நிலையம் தொடங்கப்படக் காரணமாக இருந்தது. 'மிர்னி' என்ற ருஷ்யச் சொல்லுக்கு அமைதியானது என்பது பொருள். ஓப் வந்து பனியை உடைத்து வழி செய்தது. 1957 பிப்ரவரி 28-ஆம் தேதி சோயா விடுபட்டுத் திறந்த கடலை அடைந்தது.

இதனை மேலே கூறிய செய்திகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரு நாடுகளின் உறவு அமலுக்கு வந்து பதினொரு வாரங்களே ஆகியிருந்தன. எந்த நாடு 20 ஆண்டுகளுக்கு முன் அக்கப்பலைக் கட்டச் சொல்லிவிட்டுப் பெறாமல் போயிற்றோ, அந்த நாட்டின் கப்பலே அதனை மீட்க வந்தது. தனக்கென்று செய்யச் சொன்ன பொருளைத் தன் கையாலேயே காப்பாற்றிப் பிறரிடம் ஒப்படைத்தது போலாயிற்று. வரலாறு சில வேளைகளில் கணக்கைத் தானே நேர் செய்துகொள்கிறது.

நிலையத்தில் பதினொருவர்

ஷோவாவில் தங்கிய 11 பேருக்கும் தலைவர் நிஷிபோரி எய்சபுரோ. அவருக்கு அப்போது வயது 54. அந்த நிலையம் தென் அட்சம் 69 பாகையில் உள்ளது. நடுக் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் அங்கே சூரியன் எழுவதே இல்லை. வானிலையையும் துருவ ஒளியையும் அவர்கள் குறித்து வைத்தனர். வெளிச்சம் திரும்பியதும் நாய் வண்டிகள் பூட்டிப் பனிப்பரப்பைக் கடந்து, உள்நாட்டிலுள்ள பாறைமலை வரை சென்று மீண்டனர். அவர்களோடு தங்கியிருந்த 19 நாய்களில் சில இறந்தன. ஷிரோகோ என்னும் பெண் நாய் 8 குட்டிகளை ஈன்றது.

துருவ நிலையத்தில் பணி புரிபவருக்குக் கப்பல் வருவது எத்தகையது என்பதை நாம் ஊகிக்கலாம். ஓராண்டாகப் பார்த்த முகங்களையே பார்த்து, தகரத்தில் அடைத்த உணவையே உண்டு வாழ்பவருக்கு அக்கப்பல்தான் தபால் வண்டி. அதுவே காய்கறிக் கடை. அதுவே ஊர் திரும்பும் ரயில். ஊரிலிருந்து வரும் கடிதத்திற்காகத் தபால்காரர் வரும் திசையையே பார்த்திருந்த நாட்கள் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் காத்திருப்பை ஓராண்டாக நீட்டினால் அவர்களுடைய நிலை விளங்கும்.

'பர்ட்டன் ஐலண்ட்' வந்த கதை

அடுத்த குழுவை ஏற்றிக்கொண்டு 1957 அக்டோபரில் சோயா மீண்டும் புறப்பட்டது. இம்முறை கடல் இன்னும் கொடுமையாக இருந்தது. ஜனவரி முழுவதும் பனியில் சிக்கி, தன் விருப்பமின்றி அதனோடு மிதந்து திரிந்தது. சுழல்விசிறியின் அலகு ஒன்றும் உடைந்தது. 1958 பிப்ரவரி முதல் வாரத்தில்தான் அதற்கு ஒருவாறு விடுதலை கிடைத்தது.

அப்போது துணைக்கு வந்தது அமெரிக்கக் கடற்படையின் பர்ட்டன் ஐலண்ட் என்னும் பனி உடைக்கும் கப்பல். 1946-இல் கலிபோர்னியாவில் நீரில் இறக்கப்பட்ட அதன் வலிமை 10,000 குதிரைச் சக்தி; சோயாவினுடையதைப் போல் இரு மடங்குக்கு மேல். 15 ஆண்டுகளுக்கு முன் டார்பிடோ விட்ட கடற்படையின் கப்பல், இப்போது முன்னே சென்று பனியை நொறுக்க, அதன் தடத்தைப் பற்றிக்கொண்டு சோயா பின்னே சென்றது. ஆயினும் இரண்டு கப்பல்களும் கூடி முயன்றும் நிலையம் வரை செல்ல இயலவில்லை. பனியின்மேல் ஓரிடத்திலிருந்து பீவர் என்னும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டு, நிலையத்திலிருந்த 11 பேரையும் கப்பலுக்கு ஏற்றி வந்தனர். ஓராண்டு பிறர் முகம் காணாத அவர்கள், தங்கள் நாட்டுக் கப்பலோடு அயல்நாட்டுக் கப்பல் ஒன்றும் பனிக்கடலில் துணை நிற்பதைக் கண்டனர்.

சங்கிலியில் நின்ற பதினைந்து

துணை வந்தும் எல்லாம் காக்கப்பட்டுவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 11 பேரும் நிலையத்தை விட்டு வந்தபோது, இரண்டாம் குழுவினர் சில நாட்களில் வந்து சேர்ந்துவிடுவர் என்ற நம்பிக்கை இருந்தது. ஆகவே நாய்கள் ஓடிப் போகாமலிருக்க 15 நாய்களையும் சங்கிலியால் கட்டி வைத்திருந்தனர். தாய் நாயையும் குட்டிகளையும் மட்டும் விமானத்தில் கொண்டு வர முடிந்தது. வானிலை மோசமாயிற்று. கப்பல்கள் மீண்டும் சிறைப்படும் அபாயம் நேரவே, அவை திறந்த கடலுக்கு விலகின. சோயா காத்திருந்து பார்த்தது. பிப்ரவரி 24-ஆம் தேதி, இரண்டாம் குழுவை இறக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. கட்டிய நாய்கள் கட்டியபடியே நின்றன.

இச்செய்தி ஜப்பானில் பெருந்துயரையும் சினத்தையும் எழுப்பியது. மனிதரைக் காத்தவர்கள் ஊமைப் பிராணிகளைக் கைவிட்டனரே என்று மக்கள் நொந்தனர். ஒசாகாவை அடுத்த சக்காய் நகரில் அந்தப் 15 நாய்களுக்கும் சிலை எடுத்தனர்.

மூன்றாம் குழு சென்றபோது, பனியோடு மல்லுக்கு நிற்பதை விடுத்து, பெரிய ஹெலிகாப்டர்களால் கப்பலிலிருந்தே ஆட்களையும் சரக்கையும் தூக்கிச் சென்றனர். 1959 ஜனவரி 14-ஆம் தேதி ஷோவாவின் மேல் பறந்தவர்கள் கீழே இரண்டு கரிய நாய்கள் அசைவதைக் கண்டனர். முன்பு அந்நாய்களைப் பராமரித்த கிடமுரா தாயிச்சி இக்குழுவிலும் இருந்தார். தாரோ, ஜீரோ என்னும் சகோதர நாய்கள் அவை என்று அவர் அடையாளம் கண்டார். 7 நாய்கள் சங்கிலியிலேயே மடிந்து கிடந்தன. 6 நாய்கள் காணப்படவில்லை. ஜீரோ 1960-இல் ஷோவாவிலேயே இறந்தது. தாரோ ஊர் திரும்பி, ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் 1970 வரை வாழ்ந்தது.

உதவிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்த நாய்கள் நமக்கு உணர்த்துகின்றன. 10,000 குதிரைச் சக்தி கொண்ட கப்பலும் ஓரிடத்தில் நின்று, இனி இயலாது, திரும்புவோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. உதவி கேட்டவர் அதனை ஏற்க வேண்டியிருந்தது. தக்க வேளையில் திரும்பியதால்தான் இரண்டு கப்பல்களிலும் இருந்த மனிதர் உயிர் பிழைத்தனர். ஆயினும் அதற்கு விலை கொடுத்தவை, தம் கருத்தைச் சொல்ல வாயில்லாதவை.

எழுதாத வழக்கம் சட்டமானது

அந்த ஆண்டுகளில் வேறு சில காரியங்களும் நடந்தன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் உலகெங்கும் முறைத்துக்கொண்டிருந்த 1957-இல், கார்டன் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க வானிலை நிபுணர் சோவியத் நாட்டின் மிர்னி நிலையத்தில் குளிர்காலம் முழுவதும் தங்கினார். ரஸ்தோர்கூயெவ் என்னும் ருஷ்ய நிபுணர் அமெரிக்கரின் லிட்டில் அமெரிக்கா நிலையத்தில் தங்கினார். 1958 டிசம்பரில் பெல்ஜியம் நாட்டுக் குழுவினர் நால்வர் விமானம் பழுதாகி மலைப்பகுதியில் உணவின்றித் தவித்தபோது, மிர்னியிலிருந்து வெகு தொலைவு பறந்து சென்று அவர்களைக் கண்டுபிடித்துக் காத்தவர் விக்டர் பெரோவ் என்னும் சோவியத் விமானி. பெல்ஜியம் அமெரிக்கக் கூட்டணியைச் சேர்ந்த நாடு.

இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பின்னரே 1959 டிசம்பர் 1-ஆம் தேதி வாஷிங்டன் நகரில் 12 நாடுகள் அண்டார்க்டிகா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1961 ஜூன் 23 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அக்கண்டத்தில் படைத்தளம் கூடாது. அணுகுண்டுச் சோதனை கூடாது. ஆராய்ச்சி முடிவுகளை மறைக்கக் கூடாது. அதன் 7-ஆம் பிரிவு சொல்வது இக்கட்டுரைக்கு மிகவும் பொருந்துவது. எல்லா நிலையங்களும், அங்கே சரக்கோ ஆட்களோ ஏற்றி இறக்கும் கப்பல்களும் விமானங்களும், உடன்படிக்கை நாடுகளின் பார்வையாளர்களுக்கு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். அதாவது, அயல்நாட்டுக் கப்பலில் ஏறிப் பார்ப்பது அங்கே ஒருவருடைய தயவைப் பொறுத்ததன்று, உரிமை. ஆபத்துக் காலத்தில் கதவைத் திறந்து பழகியவர்களுக்கு, மற்ற நாட்களிலும் திறந்து வைக்கச் சம்மதிப்பது கடினமாக இருந்திராது.

வாங்கிய கடனைத் திருப்பும் வாய்ப்பு ஜப்பானுக்கும் கிடைத்தது. 1985 இறுதியில் ஆஸ்திரேலியா வாடகைக்கு அமர்த்தியிருந்த நெல்லா டான் என்னும் கப்பல் பனியில் சிக்கிப் பல வாரங்கள் கிடந்தது. அதனை மீட்டது ஜப்பானின் ஷிராசே என்னும் பனி உடைக்கும் கப்பல். 2013 டிசம்பரில் ஒரு ருஷ்யக் கப்பல் சிக்கியபோது, அதிலிருந்த 52 பயணிகளைச் சீனக் கப்பலின் ஹெலிகாப்டர் தூக்கி, 2014 ஜனவரி 2-ஆம் தேதி ஆஸ்திரேலியக் கப்பலில் சேர்த்தது. ஒரு மீட்புக்கு மூன்று நாட்டுக் கப்பல்கள்.

நம் நாட்டவரும் அயல்நாட்டுக் கப்பலும்

நம் பாரத நாடு இவ்வரலாற்றில் பிந்தி வந்ததேயாயினும், அயல்நாட்டாரின் துணையை நன்கு அறிந்தே வந்தது. பரம்ஜித் சிங் சேஹ்ரா என்னும் இந்திய விஞ்ஞானி சோவியத் நாட்டின் 17-ஆவது குழுவோடு சென்று, அண்டார்க்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்த முதல் இந்தியரானார். 1981 டிசம்பர் 6-ஆம் தேதி டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9-ஆம் தேதி அக்கண்டத்தில் கால் வைத்தனர். அவர்கள் சென்ற போலார் சர்க்கிள் கப்பல் நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்தது. 1983-84-இல் தட்சிண கங்கோத்ரி நிலையம் அமைக்கச் சென்றவர்களை ஏற்றிச் சென்ற ஃபின்போலாரிஸ் கப்பல் பின்லாந்து நாட்டினது. 1983 ஆகஸ்டில் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. பின்னர் மைத்ரி நிலையமும், 2012-இல் பாரதி நிலையமும் எழுந்தன. மைத்ரி என்றால் நட்பு. அதன் அண்டை வீடு ருஷ்யரின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையம். மிர்னியும் மைத்ரியும் வெவ்வேறு மொழிகளில் ஏறக்குறைய ஒரே கருத்தைச் சொல்லும் பெயர்கள்.

முடிவுரை

சோயா 1962 வரையில் ஆறு முறை தென் துருவம் சென்று வந்தது. பின் 1978 வரை ஜப்பானின் வடகடலில் காவல் பணி புரிந்து ஓய்வு பெற்றது. இன்று டோக்கியோ துறைமுகத்தில் காட்சிப் பொருளாக நிற்கிறது. எந்நாட்டவரும் அதில் ஏறிப் பார்க்கலாம்.

இக்கப்பலின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? ஜப்பான் உதவி கேட்கக் கூசியிருந்தால் 1957-லேயே சோயாவின் கதை முடிந்திருக்கும். ருஷ்யரும் அமெரிக்கரும் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்திருந்தாலும் முடிவு அதுவே. கேட்டவர் கூசவில்லை; வந்தவர் கணக்குப் பார்க்கவில்லை. கடல் உறைந்துகொண்டிருக்கையில் இரண்டுக்கும் நேரமில்லை.

நாம் வாழும் இக்காலனியிலும் இதே நியாயந்தான் நடக்கிறது. சொந்த பந்தங்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கின்றன. நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு மார்வலி கண்டால், நாம் முதலில் தட்டுவது அடுத்த குவார்ட்டர்ஸின் கதவை. திறப்பவர் மராத்தியர், வங்காளி, பஞ்சாபி என யாராகவும் இருக்கலாம். அவர் மொழி நமக்கு முழுதும் வராது. நம் மொழி அவருக்கு வராது. சட்டையை மாட்டிக்கொண்டு உடன் வருகிறார். நாளை அவர் நம் கதவைத் தட்டும்போது நாமும் அவ்வாறே எழுந்து போக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நம் தமிழைக் கற்பிக்கும் இச்சங்கம், இந்த வழக்கத்தையும் சேர்த்தே கற்பித்து வளர்க என வேண்டுகிறேன்.